மயில் தோகை

"மயில்களைக் கொன்று ஓவியமா?" என்று டெல்லிக் கண்காட்சி வாசலில் கூட்டம் கொதித்தது. பத்திரிகைகளுக்கு எழுதி அவர்களைத் திரட்டியவள் பூங்கோதை.

இன்ஸ்பெக்டர் ஓவியர் மகாதேவனிடம் இந்தியில் கேட்டார். "சச் போலோ, உண்மையைச் சொல்லு. இவ்வளவு தோகை எங்கே கிடைச்சது?"

"கடையில வாங்கினேன்."

"எந்தக் கடை?"

மகாதேவனை ஜீப்பில் ஏற்றினார்கள். கூட்டத்தில் தன் மாணவி பூங்கோதையைக் கண்டதும் தமிழில் கெஞ்சினார்.

"நீயாவது உண்மையைச் சொல்லும்மா."

"நான் என்ன சார் சொல்றது? உங்க படம். உங்களுக்குத்தானே தெரியும்."

ஜீப் போவதை அவள் நிதானமாகப் பார்த்தாள். டெல்லியின் ரிட்ஜ் காட்டில் மயில்கள் தாமாக உதிர்த்த தோகைகளை மூன்று மாதம் பொறுக்கி, அந்த ஓவியத்தைச் செய்தவள் அவள்தான். மகாதேவன் அதில் தன் பெயரைப் போட்டுக்கொண்டபோது, அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை.