நடக்கிற வேகத்தில் ஒரு கெப்

"இத நான்தான் செஞ்சன் எண்டு தயவுசெஞ்சு ஒருத்தருக்கும் சொல்லிராதீங்க முதலாளி."

ஊரே அன்ரனி பாஸ் என்று கூப்பிடும் மெக்கானிக் அன்ரனிப்பிள்ளை தன் வாழ்நாளில் எந்த வாடிக்கையாளரிடமும் இப்படிக் கேட்டதில்லை.

கற்பிட்டியில் உயரமாக நிற்கிற ஜீப் எதுவானாலும் அது அவருடைய கராஜில் உயர்ந்ததுதான். போர் முடிந்து, காற்றாடி கட்டிக் கடலில் சறுக்க வெள்ளைக்காரர் வரத் தொடங்கியதும், அவர்களை மணலுக்குள் ஏற்றிப் போக ஊர் இளைஞர்களுக்கு ஜீப் தேவைப்பட்டது. ஜீப்புக்கு அன்ரனி பாஸ் தேவைப்பட்டார். அவர் கை வைத்த வண்டி மணலில் புதைந்தது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அதில் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டுமே.

அவரிடம்தான் கருவாட்டு வியாபாரி மர்ஸூக், தான் முதன்முதலாக வாங்கிய ஃபோர் வீல் கெப்பைக் கொண்டுவந்தார். பழைய வண்டிதான், ஆனால் பின்னால் நீளமான திறந்த தட்டு. பார்த்ததுமே பாஸுக்குக் கை துறுதுறுத்தது. நாலு அங்குலம் தூக்கலாம், பல் வைத்த பெரிய டயர் போடலாம், ஊரே திரும்பிப் பார்க்கும் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

மர்ஸூக் எதற்கும் மசியவில்லை.

தூக்க வேண்டாமாம். அகலமான டயர் உள்ளே உரசாமல் இருக்க ஓர் அங்குலம் போதுமாம். தட்டின் பக்கத்தில் போய் நின்று இடுப்பைத் தொட்டுக் காட்டி, இதற்கு மேலே வரக் கூடாது என்றார். டயரில் பல்லும் வேண்டாமாம். பின்னால் மணலை வாரி வீசுமாம்.

பின்னால் யார் வரப்போகிறார்கள், மணல் படுவதற்கு என்று பாஸ் கேட்டார். மர்ஸூக் டயரை விட்டுவிட்டுக் கியருக்குத் தாவினார்.

கியர் விஷயத்தில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"மனிசன் நடக்கிற வேகத்துல போகோணும் பாஸ். அதுக்கு மேல வாணாம்."

மணலில் மெதுவாகப் போனால் வண்டி புதையும், அதனால்தான் எல்லோரும் ஒரே மூச்சில் ஓட்டிக் கடக்கிறார்கள் என்று பாஸ் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிப் பார்த்தார். மர்ஸூக் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அதாலதான் உங்கள்ட்ட வந்த."

அதற்கு மேல் முடியாது என்று சொல்ல பாஸின் தலைக்கனம் விடவில்லை.

மூன்று வாரம் பாடுபட்டார். கொழும்பு வரை போய்ப் பழைய கடைகளில் கிண்டி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் பொருத்தமான கியர்ச் சக்கரங்கள் எடுத்து வந்தார். வழுவழுப்பான அகல டயர்களைப் போட்டுப் பாதிக் காற்றை இறக்கினார். கடற்கரை மணலில் ஓட்டிப் பார்த்தபோது வண்டி புதையவில்லை, திணறவும் இல்லை. அவர் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். ஆனால் யாரிடம் காட்டுவது? ஊரிலேயே உயரமான ஜீப் வைத்திருக்கும் அம்ஜத் அதைப் பார்த்துவிட்டு, மாட்டு வண்டிக்கு எப்போதிருந்து எஞ்சின் பூட்டுகிறீர்கள் என்று கேட்டான்.

அன்றைக்குத்தான் பாஸ் தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று மர்ஸூக்கைக் கெஞ்சினார். அவரும் சிரித்துக்கொண்டே சரி என்றார்.

அதற்குப் பிறகு கெப் வெளியே வரவே இல்லை. மர்ஸூக்கின் கருவாடு வழக்கம்போல ட்ரெக்டரில்தான் போனது. கெப் கொட்டிலுக்குள் படங்குத் துணி போர்த்திக்கொண்டு நின்றது. காசு கூடினால் இப்படித்தான் கிறுக்குப் பிடிக்கும் என்று பாஸ் முடிவு கட்டிவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து, மணல் முனையில் மீன் காயவைக்கும் றஹ்மத் உம்மா காலமானார். பாஸ் பல வருடமாகக் கருவாடு வாங்குவது அந்த அம்மாவிடம்தான். பாஸும் அடக்கத்துக்குப் போனார்.

அங்கிருந்து அடக்கம் செய்யும் ஊர் மையவாடிக்கு மூன்று மைல், முழுக்கக் கால் புதையும் பொதுக்கு மணல். தோளில் சுமக்க முடியாது. உடல் வைத்த சந்தூக்கை ட்ரெக்டர் பெட்டியில் கட்டிவிடுவார்கள். ட்ரெக்டர் நின்றால் புதையும், அதனால் பறக்கும். பெற்ற பிள்ளைகள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுவார்கள். வயதானவர்கள் பாதி வழியில் திரும்பிவிடுவார்கள். பாஸும் ஒருமுறை அப்படித் திரும்பியவர்தான்.

அன்று சந்தூக்கை வைத்தது மர்ஸூக்கின் கெப்பில்.

தட்டு இடுப்பளவுதான், யாரும் எக்கவில்லை. மர்ஸூக் ஸ்டியரிங்கைப் பிடிக்க, கெப் நடக்கத் தொடங்கியது. ஆம், நடந்தது. றஹ்மத் உம்மாவின் மகன் சந்தூக்கின் மேல் கை வைத்தபடியே கூடவே நடந்தான். பின்னால் முழு ஊரும் வந்தது, தடி ஊன்றிய கிழவர்கள் உட்பட. ஒருவர் முகத்திலும் மணல் படவில்லை. ஒருவரும் ஓடவில்லை.

மூன்று மைலும் பாஸ் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நடந்தார். ஒரு இடத்திலும் அது திக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் மர்ஸூக் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"போன வருசம் எங்கட வாப்பா இந்த வழியில தனியத்தான் போனார் பாஸ். என்னால ஓடிப் புடிக்க ஏலாமப் போச்சி. முன்னுக்கே சொன்னா பெருமைக்குச் செஞ்ச மாதிரி ஆயிரும். அதான் சொல்லல்ல. உங்கட பேரும் சொல்லல்ல, பயப்புட வாணாம்."

அப்போது அம்ஜத் வந்தான். அவனும் நடந்துதான் வந்திருந்தான். கெப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இதை எங்கே செய்வித்தீர்கள் என்று மர்ஸூக்கிடம் கேட்டான். கொடுத்த வாக்குக்காக மர்ஸூக் வாயைத் திறக்கவில்லை.

அன்ரனிப்பிள்ளை முன்னால் வந்தார். நாலு பேருக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

"என்ர கராஜ்ல செஞ்சது தம்பி. புத்தளம் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் இதவிட மெதுவாப் போற வண்டி உனக்குக் கிடைக்காது."