உறை பிரிக்காத கார்

உள்ளங்கை அளவுள்ள அந்தச் சிவப்புப் பந்தயக் காரை ஞானப்பிரகாசம் முப்பது வருடமாகப் பெட்டியிலிருந்து எடுத்ததே இல்லை. உறை பிரித்தால் சரித்திர மதிப்பு போய்விடும் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் பிரசங்கம் செய்வார். கண் மங்கிக்கொண்டே போகும் என்று டாக்டர் கைவிரித்த அன்று, அது ஓடுவதை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டுமென்று உறையைக் கிழித்தார். காரோடு வந்த, மின்சாரம் ஓடும் பொம்மைத் தடத்தை மேசைமேல் விரித்து, அதன் பள்ளத்தில் காரைப் பொருத்தி, விசையை அழுத்தினார். உள்ளே கிரீஸ் காய்ந்து கெட்டியாகியிருந்தது. மோட்டார் முனகியதோடு சரி.

"பொத்திப் பொத்தி வச்சதுல அதுக்கும் முட்டி பிடிச்சிக்கிச்சா?" என்றாள் மனைவி ரோஸ்லின்.

அவர் காரை விரலால் தள்ளினார். முதல் வளைவிலேயே விரல் தடம் தவறியது.

"தள்ளி உக்காருங்க. நான் உருட்டுறேன். நீங்க கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருங்க."