பூட்டில்லாத சந்தை

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் நாத்தனார் தஹபோ. ஷரியா நீதிபதியான காஜியின் ஆட்கள் எங்கள் சோமாலியத் துறைமுக ஊரைப் பிடித்த வருஷம், நோன்பு மாதத்தில், சமோசா மடித்துக்கொண்டே சொன்னாள்.

அதற்கு முன் எங்களுக்கு அரசாங்கம் என்று ஒன்று கிடையாது. தெருவுக்கொரு துப்பாக்கி. கடைக்கு மூன்று பூட்டுப் போட்டால், திருடன் பூட்டையும் சேர்த்துக் கொண்டுபோவான்.

இவர்கள் வந்தபின் துப்பாக்கி அடங்கியது. பாட்டும் அடங்கியது. திருடினால் கை போகும். சந்தையில் ஒரு கடைக்கும் பூட்டில்லை.

அம்பாரோ ஊருக்குப் புதிது. தஹபோவுக்குப் பக்கத்தில் மாவுக்கடை போட்டாள். பிற்பகல் அஸர் தொழுகைக்குப் போகும்போது கதவைப் பூட்டினாள்.

"கதவுல என்னடி அது?" என்றாள் தஹபோ.

"பூட்டு அக்கா. பார்த்ததில்லையா?"

"பார்த்திருக்கேன். கழட்டு."

"ஏன், ஓசி மாவு வேணுமா?"

மற்றப் பெண்களும் சொல்லிப் பார்த்தார்கள். காரணத்தை மட்டும் யாரும் சொல்லவில்லை. புதிதாக வந்தவள் வாயை எப்படி நம்புவது?

திருட்டுக் கும்பலில் மாட்டிக்கொண்டோம் என்று அம்பாரோ காஜியிடமே புகார் சொல்லிவிட்டாள்.

காஜி வந்தார். பின்னால் துப்பாக்கியோடு இரண்டு பேர்.

"அரசாங்கம் இல்லாதப்போ மூணு பூட்டு பத்தலை. கடுமையான சட்டம் வந்தபிறகு ஒண்ணுகூடத் தேவைப்படலை. உனக்கு மட்டும் எதுக்கும்மா?"

"எனக்குச் சட்டத்து மேல நம்பிக்கை இருக்குங்க. இவங்க மேலதான் இல்லை."

காஜி பூட்டை வாங்கிப் பார்த்தார். கைதவறி மண்ணில் விழுந்தது. தானே குனிந்து எடுத்து, துடைத்துக் கொடுத்தார்.

"நல்ல பூட்டு," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று அஸருக்குப் பூட்டு பூட்டவில்லை. சாவித் துவாரம் நிறைய மண். அந்தக் கடை வரிசை முழுவதையும் திட்டித் தீர்த்துவிட்டு, கதவை வெறுமனே சாத்திக்கொண்டு தொழப் போனாள் அம்பாரோ.

திரும்பி வந்தபோது சுமைகூலிக்காரன் பிலேயைத் துப்பாக்கிக்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். தோளில் அவள் கடை மாவு மூட்டை. கப்பல் வந்து நாளாயிற்று. அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை.

மறுநாள் வேப்பமரத்தடியில் விசாரணை. சந்தையே வந்திருந்தது. பிலே தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றான்.

"கடை பூட்டியிருந்ததா?" என்று காஜி அம்பாரோவைக் கேட்டார்.

"எப்படிங்க பூட்டறது? இந்தப் பொம்பளைங்கதான் பூட்டுக்குள்ள மண்ணைத் திணிச்சுட்டாங்களே."

"பூட்டலை. அப்படித்தானே?"

"பூட்டலை."

"பூட்டாத இடத்துல எடுத்தவன் கையை வெட்டச் சட்டத்துல இடமில்லை. மூட்டையைக் கொடுத்துட்டுப் போடா. மண்ணைப் போட்டது யாருன்னு நான் அப்புறம் விசாரிக்கிறேன்."

அம்பாரோ பெண்களைப் பார்த்தாள். பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள். சந்தையில் ஏன் ஒரு பூட்டும் இல்லை என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மூட்டையை அவள் திரும்ப வாங்கவில்லை. "புழு விழுந்த மாவு, எனக்கெதுக்கு?" என்று பிலேயிடமே தள்ளிவிட்டாள். நேற்று அரைத்த மாவு அது.

வரும் வழியில் தஹபோவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, மண்ணைப் போட்டது நீங்கதானே?"

"நான் இல்லைடி. அந்த மிளகாய்க்காரியா இருக்கும்."

"நான் எங்க போட்டேன்? நீன்னுல்ல நினைச்சேன்," என்றாள் மிளகாய்க்காரி.

ஒருத்தி விடாமல் குர்ஆன் மேல் ஆணையிட்டார்கள். அவர்களில் யாரும் இல்லை.

காஜி இன்றுவரை அதை விசாரிக்கவில்லை.

அந்தத் துப்பாக்கிக்காரர்கள் உங்கள் வீட்டுப் பக்கம் தேநீர் குடிக்க வந்தால், இதை மட்டும் அவர்கள் காதில் போட்டுவிடாதீர்கள்.