மூக்கண்ணனின் இரவல் வாசனை

“விக்காம கிடக்கிற பழைய சரக்கையெல்லாம் அந்தக் கடைக்காரம்மா உங்க தலையில கட்டறாங்க. நீங்களும் கைகட்டி வாங்கிட்டு வர்றீங்க!”

ஒயின் கடை வாசலில் காரைக் கிளப்பும்போதே மனைவி ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்து இருக்கையில் அவர் ஒயின் பாட்டிலை மடியில் கிடத்திக்கொண்டார்.

“புதுசா வந்த பாட்டில்ல நீங்க கை வச்சீங்க. ‘அது வேணாம் சார், இதை எடுங்க’ன்னு பிடுங்காத குறையா மாத்திக் கொடுக்கிறாங்க. போதாக்குறைக்கு, அதுல என்ன வாசனை வரும்னு ஒரு பிரசங்கம் வேற. ஒரு சொட்டு வாயில வைக்காதவங்க உங்களுக்கே பாடம் எடுக்கிறதா?”

மனைவி கேட்டதிலும் நியாயம் இருந்தது. அவர் பத்து வருஷமாக இணையத்தில் ஒயினைப் பற்றி மட்டுமே எழுதியும் பேசியும் வருபவர். கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே எந்தத் திராட்சை, எத்தனை வயசு என்று சொல்லிவிடுவார். அதனால் ரசிகர்கள் வைத்த பெயர், மூக்கண்ணன்.

அந்த மூக்குதான் இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை.

ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. “திரும்பி வரும். எப்பன்னுதான் சொல்ல முடியாது,” என்றார் டாக்டர். விஷயம் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் பத்து வருஷம் சேர்த்த பெயர் ஒரே நாளில் காலி. ஆனாலும் சனிக்கிழமை மாலை நேரலையை நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை.

“இப்ப நடக்கிற கூத்தைப் பார்த்தீங்களா? ஒயின்ல மிளகாயை நறுக்கிப் போட்டுக் குடிக்கிறாங்க,” என்று அன்று கேமராவைப் பார்த்துச் சிரித்தார். “போன மாசம் ஐஸ்கட்டி. அடுத்த மாசம் கெட்சப்பா?”

கேமரா இல்லாத நேரத்தில் அவரும் மிளகாய் போட்டுக் குடித்துப் பார்த்தவர்தான். காரமாவது தெரிந்ததே என்று கண்ணில் நீர் வர மகிழ்ந்தவர்.

பிறகு கிளாஸைச் சுழற்றி, கண்ணை மூடி, மூக்கருகே வைத்தார்.

“முதல்ல ஆரஞ்சுத் தோல் உரிச்ச வாசனை. கொஞ்சம் பொறுங்க... மழை விட்டு வெயில் அடிச்ச செங்கல் சுவர். கடைசியா, பென்சில் சீவின மாதிரி ஒண்ணு.”

பின்னூட்டங்கள் கொட்டின. ‘இதுதான் எங்க மூக்கண்ணன்!’

நேரலை முடிந்ததும் மனைவி எதிரே வந்து நின்றாள்.

“செங்கல் சுவர், பென்சில்... எல்லாம் அந்தம்மா சொன்னது. ஒரு எழுத்து மாறலை.”

“தெரியும்.”

“அவங்களைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா, உன் மூக்கு என்னாச்சுன்னு கேட்பாங்களே!”

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். கடைக்காரம்மாவின் மேல் இருந்த கோபம் இப்போது யார் பக்கம் திரும்பியிருந்தது என்பது அவள் பாத்திரம் கழுவிய சத்தத்திலேயே தெரிந்தது.

அடுத்த வாரமும் அதே கடை, அதே பிரசங்கம், அதே திருட்டு. அதற்கடுத்த வாரமும்.

ஒரு நாள் அலுவலகத்திலிருந்து வந்து ஷூவைக் கழற்றியவர், “நாறுது! நாறுது!” என்று கத்தினார்.

சமையலறையிலிருந்து மனைவி ஓடிவந்தாள். அவர் சாக்ஸை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அவளும் வாங்கி மோந்து பார்த்து, “ஆமாங்க, சகிக்கலை,” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை கடையைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார்.

“மேடம், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். மூணு மாசமா எனக்கு வாசனையே தெரியலை. நேரலையில நான் பேசினதெல்லாம் நீங்க சொன்னது. திருடிட்டேன்.”

கடைக்காரம்மா பெட்டியைப் பிரித்தபடியே சொன்னார். “மூக்கு போனது எனக்குத் தெரியும் சார்.”

“எப்படி?”

“காய்ச்சல் சரியாகி முதல் தடவை வந்தீங்களே, அன்னைக்கு ஒருத்தர் கெட்டுப்போச்சுன்னு திருப்பிக் கொடுத்த பாட்டில் இந்த மேஜைமேல திறந்து இருந்துச்சு. நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம். நீங்க அதை மோந்துட்டு ‘பிரமாதம்’னீங்க.”

அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது.

“தெரிஞ்சும் யார்கிட்டயும் சொல்லாம, எனக்குப் பேச வார்த்தையும் கொடுத்தீங்களே! இந்த மனசுக்கு நான் எப்படி நன்றி சொல்றது? வர்ற சனிக்கிழமை எல்லாத்தையும் சொல்லிடப்போறேன் மேடம். அத்தனையும் உங்க வார்த்தைன்னு.”

“ஐயையோ, அது பொய்யாயிடும் சார்!” கடைக்காரம்மா பதறிவிட்டார். “கடை திறந்த புதுசுல எனக்கு ஒயினைப் பத்தி அ, ஆ கூடத் தெரியாது. உங்க பதிவுகளை மனப்பாடம் பண்ணித்தான் வியாபாரமே பண்ணேன். அதனாலதான் நீங்க முன்னாடியே எழுதின பாட்டிலா பார்த்துப் பார்த்து உங்க கையில கொடுத்தேன். ஆரஞ்சுத் தோல், செங்கல் சுவர் எல்லாமே ஏழு வருஷம் முன்னாடி நீங்க எழுதினதுதான் சார்!”