பலகைக்கு அடியில்

குப்புறப் படுத்துக் கிடந்தாள்.

மேலே பலகைத் தளம். கீழே கப்பலின் இரும்பு முதுகு. நடுவில் ஒரு முழ இடைவெளி. ஒல்லி உடம்புதான் நுழையும் என்று கங்காணி அங்கமுத்து அவளை உள்ளே இறக்கியிருந்தான். துரு சுரண்ட வேண்டும்.

கப்பல் ஜெர்மன்காரனுடையது. தண்ணீருக்குள் முங்கிப் போகிற ரகம். கட்டி ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்றார்கள். விடிந்தால் சண்டைக்குப் புறப்படுகிறது. பினாங்கைப் பிடித்து வைத்திருக்கும் ஜப்பான்காரன்தான் அதற்குத் தீனி, வேலையாள் எல்லாம் கொடுக்கிறான்.

சயாமில் ரயில் பாதை போட அவள் புருஷன் சன்னாசியை லாரியில் அள்ளிப் போனவனும் அதே ஜப்பான்காரன். கூடப் போன ஒருத்தன் மட்டும் திரும்பி வந்தான். அவன் சொன்னதைக் கேட்டு அவள் அழவில்லை. தாலிக் கயிற்றைக் கழற்றவும் இல்லை.

கை வழுக்கியது. உளி இரும்பில் விழுந்து கணீரென்றது.

பலகை இடுக்கில் ஒரு வெள்ளை முகம். காலையிலிருந்து சங்கிலி சங்கிலியாக ஆட்டிப் பார்த்து, சத்தம் வருகிற இடத்திலெல்லாம் சாக்கைச் சுற்றிக்கொண்டிருந்த சிப்பந்தி. உதட்டில் விரல் வைத்தான். கடலுக்கு அடியைக் காட்டினான். காதைத் தொட்டான். இரண்டு கையையும் விரித்தான்.

"பூம்!"

சிரித்தான். ஒரு துண்டு ரொட்டியை இடுக்கு வழியே நீட்டினான்.

புளித்த ரொட்டி. பசி. தின்றாள்.

அடியில் சத்தம் கேட்டால் கப்பல் காலி. தின்று முடிக்கிறவரை அதையே யோசித்தாள்.

கழுத்துக்குக் கை போனது. கயிற்றிலிருந்த பொட்டுத் தங்கம் அரிசிக்கு என்றோ போயாயிற்று. கயிறு மட்டும் கெட்டி.

அதைக் கழற்றி, இரண்டு குழாய்களுக்கு நடுவே உளியை அதில் கட்டித் தொங்கவிட்டாள். தொட்டில் கட்டுகிறவள் போல, ஆட இடம் விட்டு.

சாயங்காலம் ஜப்பான் சிப்பாய் சாமான்களைச் சோதித்தான்.

"உளி எங்கடி?" என்றான் அங்கமுத்து.

"கடல்ல விழுந்துருச்சு."

"ஒங்கப்பன் வீட்டுச் சொத்தாடி?"

சிப்பாய் அறைந்தான். உதடு கிழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"கடல்லதான் கெடக்கு. வேணும்னா முங்கி எடுத்துக்கச் சொல்லுங்க."

காலையில் வாத்தியம் முழங்கக் கப்பல் கிளம்பியது. ரொட்டி கொடுத்தவன் தளத்தில் நின்று அவளைப் பார்த்துக் கையாட்டினான். அவள் ஆட்டவில்லை.

மறுநாள் அங்கமுத்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"சேதி தெரியுமா? ஜலசந்தியத் தாண்டல. இங்கிலீஷ்காரன் கடலுக்குள்ளயே காதத் தீட்டிக்கிட்டு இருந்திருக்கான். இங்கேருந்து போன மொத பயணமே கடைசி. ஒருத்தன் தேறலையாம்."

புளித்த ரொட்டியின் ருசி தொண்டைக்கு ஏறி வந்தது. விழுங்கினாள்.

துறையில் அடுத்த நீர்மூழ்கி வந்து கட்டியிருந்தது. பலகைகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள்.

கழுத்தில் இனிக் கயிறில்லை. முந்தானை ஓரத்தை இழுத்துப் பார்த்தாள். கெட்டியாகத்தான் இருந்தது.

"கங்காணியாரே, ஒரு உளி குடுங்க."