அடுத்தவள் வரும்வரை

“வந்துட்டாங்க மகாராணி. கம்பளம் விரிக்கணுமா?”

மூச்சிரைக்க உள்ளே வந்தாள் அடுத்த ஷிப்டுக்காரி. சிரிக்க முயன்றாள். அவளுடைய கறுப்புச் சட்டையின் முதுகெல்லாம் சுண்ணாம்பு.

“எந்தச் சுவத்துல சாஞ்சு யாரோட கதையடிச்சிட்டு வர்றே? முதுகைத் தட்டிட்டு வரக்கூடவா நேரமில்ல?”

ஆம்புலன்ஸ் அழைப்பு அறையில் ஒரு விதி உண்டு. அடுத்தவள் வந்து சேரும்வரை தலையிலிருக்கும் ஹெட்செட்டைக் கழற்றக் கூடாது. கட்டடமே இடிந்தாலும் கழற்றக் கூடாது.

இந்த அடுத்தவள் தினமும் தாமதம். ஹெட்செட்டோடு காத்திருப்பவளுக்கு அதற்குள் நேர் பஸ் போய்விடும். இரண்டு பஸ் மாறி வீட்டுக்குள் நுழையும்போது சின்னவன் தூங்கியிருப்பான். அவன் பேசப் பழகிய புதுச் சொற்களையெல்லாம் ஆறு வயதான மூத்த மகள் சொல்லித்தான் அவள் கேட்டாள்.

பிள்ளைகளைக் காப்பகத்தில் விடுவதும் கூட்டி வருவதும் கணவன் பொறுப்பு. போன வாரம் அவன்தான் தூபம் போட்டான்.

“எத்தனை நாள் பொறுத்துப்பே? மேலதிகாரிகிட்ட போட்டுக் குடு. அவளைத் தூக்கியடிக்கச் சொல்லு. நான் ஒத்தை ஆளா ரெண்டு வாலுங்களோட மல்லுக்கட்டறது உனக்கெங்கே தெரியப் போவுது?”

போட்டுக் கொடுத்தாள். “ஒண்ணு அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று மேலதிகாரியின் மேசை முன்னால் நின்றாள். தூக்கியடித்துவிட்டார்கள். நாளையிலிருந்து வந்தவளுக்கு ஊர்க்கோடியில் இருக்கும் கிளையில் இரவு வேலை. இங்கே இன்றுதான் கடைசி.

ஹெட்செட்டைக் கழற்றி, கையில் கொடுக்காமல் மேசைமேல் போட்டாள்.

“அக்கா, போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைலேர்ந்து பிள்ளைங்கள...”

“என் பிள்ளைங்க பேச்சை உன் வாயால எடுக்காதே. சின்னவனுக்கு என் மூஞ்சியே மறந்து போச்சு. எல்லாம் உன் புண்ணியம்.”

“இல்லக்கா, உங்க வீட்டுல...”

“என் வீட்டை நான் பாத்துப்பேன். நீ போற இடத்துலயாவது நேரத்துக்குப் போய்ச் சேரு.”

அழைப்பு மணி ஒலித்தது. வந்தவள் அவசரமாக உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டினாள். “வணக்கம், ஆம்புலன்ஸ் வேணுமா? எங்கேர்ந்து பேசறீங்க?” குரல் நடுங்கியது.

படியிறங்கும்போது அந்த நடுக்கம் காதுக்கு இதமாக இருந்தது.

மறுநாள் புது ஆள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். அவள் பையை எடுத்துக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். காப்பகம் நடக்கிற தூரம்தான். கணவன் பிள்ளைகளோடு கிளம்புவதற்குள் பிடித்துவிட்டால் நாலு பேருமாகவே வீட்டுக்குப் போகலாம்.

காப்பகம் பூட்டியிருந்தது. வாசல்படியில், வெள்ளையடித்த மதிலில் சாய்ந்தபடி அவளுடைய பிள்ளைகள் இரண்டும் உட்கார்ந்திருந்தன. பக்கத்தில் தோளில் பையோடு ஆயா நின்றாள்.

“அம்மா!” என்று சின்னவன் கத்திக்கொண்டு ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான்.

“நல்ல வேளை, நீங்களாவது வந்தீங்க” என்றாள் ஆயா. “இதுங்கள விட்டுட்டுக் கிளம்பவும் முடியல, நிக்கவும் முடியல. இன்னிக்குன்னு பாத்து அந்தப் பொண்ணையும் காணோம்.”

“எந்தப் பொண்ணு?”

“உங்க ஆபீஸ் பொண்ணுதாம்மா. வேலைக்குப் போற வழியில ஒருநாள் இதுங்களப் பாத்துச்சு. அன்னிலேர்ந்து உங்க வீட்டுக்காரர் வர்ற வரைக்கும் தினமும் இந்தப் படியில கூட உக்காந்திருக்கும். கடிகாரத்தைப் பாத்துப் பாத்துக் கதை சொல்லும். நேரமாச்சே, கிளம்பும்மான்னா, விட்டுட்டுப் போனா சின்னவன் அழுவான்னு சொல்லும்.”

அவள் மதிலைத் தொட்ட விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

“போன வாரம் உங்க வீட்டுக்காரரை நிறுத்தி வெச்சு நல்லாக் கேட்டுச்சு. இனிமே லேட்டா வந்தா அக்காகிட்ட சொல்லிடுவேன்னுச்சு. அப்பக்கூட மனுஷன் சிரிச்சுக்கிட்டேதான் நின்னாரு.”

போன வாரம். தூபம் போட்டதும் போன வாரம்தான். நேற்று ரசித்த அந்த நடுங்கிய குரல் இப்போது காதுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு நகர மறுத்தது.

மூத்தவள் அருகில் வந்து கிசுகிசுத்தாள். “அப்பா சீட்டாடி முடிச்சிட்டுதாம்மா வருவாரு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. நான் சொல்லிட்டேன்னு சொல்லிடாதே.”

“சொல்லமாட்டேன்டி தங்கம்.”

சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உதட்டில் விரல் வைத்து இருவருக்கும் சைகை காட்டினாள். பிறகு கைபேசியை எடுத்துக் கணவனை அழைத்தாள். மறுமுனையில் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. அவன் எழுந்து தள்ளிப் போனான் போலிருக்கிறது, சிரிப்பு தேய்ந்தது.

“என்னம்மா, புது ஆளும் லேட்டா?”

“ஆமாங்க. இன்னும் ஹெட்செட்டைக் கழட்டல” என்றாள். எத்தனையோ பதறிய மனிதர்களை அமைதிப்படுத்திய குரல் அது. பிசிறே இல்லை. “நீங்க எங்க இருக்கீங்க?”

“வேற எங்க? வீட்லதான். ரெண்டையும் கூட்டிட்டு வந்து, சாப்பாடு போட்டு, என் இடுப்பே விட்டுப்போச்சு. சின்னவன் இப்பதான் கண்ணசந்தான். பெரியவ என் பக்கத்துல உக்காந்து எழுதிட்டிருக்கா.”

சின்னவன் அவள் காதுத் தோட்டைத் திருகினான். மூத்தவள் அவளுடைய இன்னொரு கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“பெரியவகிட்ட போனைக் குடுங்க.”