மெர்வின் புது சைலன்சர்

"புது சைலன்சர் போட்டதுல வண்டியோட வேகம் மூணு கிலோமீட்டர் குறைஞ்சுதான் போச்சு, பெருசு. சத்தம்தான் ஏறியிருக்கு," என்றான் மெக்கானிக் டேரில். அந்தச் சத்தத்தில் கூரையிலிருந்து பறந்த கிளிகள் இந்நேரம் பக்கத்து மாநிலமான குவீன்ஸ்லாந்தின் எல்லையைத் தாண்டியிருக்கும்.

"எவ்வளவு தூரம் கேக்கும்?" என்றார் மெர்வ்.

"அஞ்சு கிலோமீட்டர்."

"பத்தாது. எட்டு கேக்கணும்."

"எழுபது வயசுல யாரோட பந்தயம்?"

டேரில் உள்ளே இருந்த சத்தத் தடுப்பையும் கழற்றிவிட்டான்.

மூன்று நாள் மெர்வ் தன் ஆட்டுப் பண்ணையையே சுற்றிச் சுற்றி ஓட்டினார். நான்காம் நாள், எட்டு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பக்கத்து வீட்டு நோரீன் புழுதி பறக்கக் காரில் வந்து இறங்கினாள்.

"யோவ், என் ஆடெல்லாம் மிரளுது! நீயெல்லாம் மனுஷனா?"

"உள்ள வந்து உக்காந்து நிதானமா திட்டு, நோரீன்," என்றார் மெர்வ்.

மேசையில் மூன்று நாளாக இரண்டு கோப்பைகள் காத்திருந்தன.